சாம்பல் போடாத நுரை

கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மங்கம்மாள், பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் இல்லாமலே ஒரு அடி பாடிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக அடங்கிப் போனார்கள். வாசலில் பங்காளிகள் மூன்று பேர் ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். கிளம்பியதில் தப்பில்லை. கிளம்பிய திசைதான் தப்பு.

"ராஜவேலு, அந்தப் பக்கம் எங்க போற?"

முன்னால் நடந்தவன் நின்றான். செத்துப்போன தீர்த்தகிரிக்குச் சித்தப்பா மகன். நேற்று மத்தியானம் செய்தி வந்ததிலிருந்து பந்தல் போட, குழி வெட்ட ஆள் அனுப்ப என்று ஓடியாடிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

"குளிப்பாட்டத் தண்ணி கொண்டாரத்தான் அண்ணி."

"சொன இந்தப் பக்கம் கீது."

"டேங்க்ல புடிச்சாறேன். அதுவும் தண்ணிதான்."

புதூர்நாட்டுப் பக்கத்தில் அந்த ஒரு சிற்றூருக்கு மட்டும் உள்ள வழக்கம் அது. யார் செத்தாலும் அவரவர் வகையறாவின் சுனையிலிருந்து பங்காளிகள் மூன்று குடம் தண்ணீர் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து குளிப்பாட்ட வேண்டும். வேறு தண்ணீரில் குளிப்பாட்டினால் அவன் இந்த ஊர்க்காரன் இல்லை என்று அர்த்தம். எங்கிருந்தோ பிழைக்க வந்து இங்கே செத்தவனுக்குத்தான் டேங்க் தண்ணீர், பைப்புத் தண்ணீர் எல்லாம்.

ராஜவேலு குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்தான். அவன் முகத்திலும் அழுத தடம் இருந்தது. "அண்ணி, சண்ட போடற நேரமா இது? அந்தச் சொனத் தண்ணி வேணாம்னு வகையறாவே பேசி முடிச்சி ரெண்டு வருசமாச்சு. உசுரோட கீற நாங்களே குடிக்காத தண்ணிய அண்ணன் மேல எப்பிடி ஊத்தறது?" கொஞ்சம் குரலைத் தணித்தான். ஆனால் வாசல் முழுவதும் கேட்டது. "அத்தக் குடிச்சிக் குடிச்சித்தான் அவுருக்கு நெஞ்சடைச்சிச்சுன்னு ஊரே பேசுது. நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

மங்கம்மாள் மகளைப் பார்த்தாள். அருணா அப்பாவின் காலடியில் நின்றிருந்தாள். வேலூரிலிருந்து நேற்றுச் சாயங்காலம் ஜீப்பில் மலையேறி வந்ததிலிருந்து அவள் யாரிடமும் நாலு வார்த்தை பேசவில்லை. உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்த அப்பாவின் கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அது அவளுக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளங்கைவரை இறங்கி இறங்கி வந்தது. ராஜவேலு சொன்னதைக் கேட்டதும் அதை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் மங்கம்மாளுக்குத் தெரியும். டேங்க் தண்ணீர் ஒரு குடம் இந்த வாசலுக்குள் வந்துவிட்டால் போதும், பெண் தயாரித்த நுரைதான் அப்பனைக் கொன்றது என்று ஊர் முத்திரை குத்திவிடும். அப்புறம் எந்தக் காலத்திலும் அதை அழிக்க முடியாது.

நடந்தது இதுதான். தீர்த்தகிரி முப்பது வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். மலையிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள். எரிகிற பெட்ரோலில் வெறும் தண்ணீரை அடித்தால் தீ தண்ணீரோடு சேர்ந்து ஓடும், அதனால் நுரையை அடித்து மூடி போட்டு மூச்சடைக்க வேண்டும் என்பதை அவர் பெண்டாட்டிக்குக் கூழ்ச்சட்டியையும் தட்டையும் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். ஒரு முறை டேங்கர் லாரித் தீயை அணைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிய மறுநாள், அந்த நுரையெல்லாம் மழையோடு போய் ஏரியில் சேர்ந்ததைப் பார்த்தார். அந்த நுரையில் இருந்த ரசாயனம் மண்ணிலும் மக்காது, தண்ணீரிலும் கரைந்து தொலையாது, பேரன் பேத்தி காலம்வரை அப்படியே கிடக்கும் என்று கெமிஸ்ட்ரி படித்த மகள் பின்னால் சொன்னபோது, மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் கொட்டினத இனிமே அள்ள முடியாது. கொட்டப் போறவனுக்காவது வேற ஒண்ணு செஞ்சி குடு," என்றார் மகளிடம். அருணா ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அந்த ரசாயனம் இல்லாமல் நுரை செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. அது நிற்க வேண்டும், அதுதான் பெரிய காரியம். தீக்கு மேலே போட்ட ஐந்தாவது நிமிடம் படுத்துவிட்டால் அடியில் இருக்கும் பெட்ரோல் மறுபடி பற்றிக்கொள்ளும். நுண்ணிய துகள் எதையாவது கலந்தால் அது குமிழின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு தண்ணீர் வடியாமல் பிடித்துக்கொள்ளும் என்று படித்து, அருணா என்னென்னவோ துகளைப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் மலையில் மில் வாசல்களில் குவிந்து கிடக்கும் சாமை உமிக்கு வந்தாள். அதைக் கணக்கான சூட்டில் எரித்து மாவு போல அரைத்தாள். தேறவில்லை. வெறுத்துப்போய் ஒரு கேன் நுரைக் கரைசலையும் ஒரு டப்பா சாம்பலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் போட்டுவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் காலை மங்கம்மாள் அடிப்பிடித்த கூழ்ச்சட்டியோடு உட்கார்ந்தாள். டப்பாவில் வெள்ளையாய்ச் சாம்பல். சாம்பலைப் பார்த்தால் மலைக்காரி பாத்திரம் தேய்க்காமல் வேறென்ன செய்வாள்? கேனில் இருந்தது சோப்புத் தண்ணீர் என்று நினைத்தாள். சாம்பலில் அதைக் கொஞ்சம் விட்டுக் களிம்பாக்கி, தேங்காய் நாரால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, கடைசியில் தண்ணீர் ஊற்றி அலசிக் கொட்டினாள். அலசிய இடத்தில் எழும்பிய நுரை மத்தியானம்வரை அப்படியே நின்றது. கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டு அலகை உதறிக்கொண்டு போனது.

தீர்த்தகிரி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. "மங்கா, இதுல இன்னா போட்ட?" என்றார். பாழாய்ப்போன டப்பாவைத் தொட்டதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்து, "நான் ஒண்ணும் போடல, கோழி தள்ளி வுட்டிச்சி," என்று அவள் கூசாமல் புளுகினாள். அதற்கு அவர் சிரித்த சிரிப்பை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. அதுவரை அருணா தண்ணீரில் கரைசலைக் கலந்துவிட்டு அப்புறம் துகளைப் போட்டாள். முதலில் துகளைக் கரைசலோடு சேர்த்து அழுத்தித் தேய்க்க வேண்டும், தண்ணீர் கடைசியில்தான் என்பது மங்கம்மாளின் கூழ்ச்சட்டி சொல்லிக் கொடுத்த சங்கதி. அருணா எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று போட்டு, "மங்கம்மாள், புதூர்நாடு" என்று அச்சடித்து வந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திருப்பத்தூர் போகும் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளுக்கெல்லாம் காட்டியவர் தீர்த்தகிரி.

நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு தப்புச் செய்தார், அதை மங்கம்மாளே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். "ஊரான் ஏரியில கொட்டிப் பாக்கறதுக்கு மின்ன நம்ம நெலத்துல கொட்டிப் பாப்போம்," என்று ஓய்வு பெற்று வந்ததும் சுனைக்கு மேலே இருந்த சாமைக் கொல்லையில் ஒரு மாதம் முழுக்க நுரையைக் கொட்டினார். மண் கெடுகிறதா, பயிர் கருகுகிறதா, தண்ணீர் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நிலம் அவருடையது. சுனை வகையறாவுடையது. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மழை நாளில் சுனையின் ஓரத்தில் வெள்ளையாய் நுரை ஒதுங்கியதை ராஜவேலு பார்த்துவிட்டான். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஊர் கூடியது. தீர்த்தகிரி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தப்புதான் என்றார். கொட்டுவதை நிறுத்தினார். மாதாமாதம் சுனைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, சுத்தமான தண்ணீர் என்று தாள் தாளாக வாங்கி வந்தார். தாளை யார் குடிப்பார்கள்? பங்காளிகள் கரடு தாண்டிப் போய் போர்வெல் டேங்கில் சப்பென்ற உப்புத் தண்ணீரைச் சுமந்தார்கள். சுனையில் மொண்டு குடித்தது இவர்கள் வீடு மட்டும்தான்.

அப்படி ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

"கவுண்டரே, நீங்க சொல்லுங்க," என்றாள் மங்கம்மாள். ஊர்க்கவுண்டர் லட்சுமணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இன்னாம்மா சொல்றது? சுமக்க வேண்டியது பங்காளிங்க. அவங்க மாட்டேன்னா நான் கழுத்தப் புடிச்சித் தள்ள முடியுமா?"

"வுடும்மா," என்றாள் அருணா மெதுவாக. "எந்தத் தண்ணியா இருந்தா இன்னா. நைனாவுக்குத் தெரியவா போவுது."

"நீ சும்மா இரு. உங்க நைனாவுக்குத் தெரியாதுன்னு நீ கண்டியா?"

மங்கம்மாளின் வாய் மலையறிந்த வாய். சந்தையில் எடை குறைத்த புளி வியாபாரியை அவள் கேட்ட கேள்வியில், அந்த ஆள் அடுத்த சந்தைக்கு வராமல் கண்ணமங்கலத்துப் பக்கம் போய்விட்டான் என்று சொல்வார்கள். அந்த வாயில் இப்போது ஒரு வார்த்தை வந்து முட்டிக்கொண்டு நின்றது. அதைச் சொன்னால் ராஜவேலு வாயடைத்துப் போவான். குடங்கள் தானாகத் திரும்பும். அவள் பார்வை பெண்கள் கூட்டத்துக்குள் போய், ராஜவேலுவின் பெண்டாட்டி ரஞ்சிதத்தின் மேல் நின்றது. ரஞ்சிதம் முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

போன வருஷம் ஒரு விடியற்காலை, தண்ணீர் பார்க்கப் போன தீர்த்தகிரி வெறும் பாட்டிலோடு திரும்பி வந்தார். "சொனையில ரஞ்சிதம் தண்ணி மொள்ளுது," என்றார். டேங்க் தண்ணீரில் பருப்பு வேகவில்லை போலிருக்கிறது. புருஷன் எழுவதற்கு முன்னால் இரண்டு குடம். கேட்டதும் மங்கம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம். "மாட்டினா பாரு. இன்னிக்கே அந்த ராஜவேலுவ நடுத்தெருவுல வெச்சிக் கேக்கறேன்," என்று கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். தீர்த்தகிரி கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கேட்டா, அவ வூட்ல அவளுக்கு இன்னா மரியாத இருக்கும்? நம்ம தண்ணி நல்லதுன்னு ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குது. அது போதும் எனக்கு. வாயத் தொறக்க மாட்டேன்னு என் கையில அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினாள். பண்ணிவிட்டு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அடுத்த வாரம் சுனைப் பக்கம் பானை உடைந்து கிடந்தது. யாரோ பாசியில் வழுக்கியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துப்போய், ஒரு பகல் முழுக்க ஒற்றை ஆளாய் நெம்பி, சுனையின் வாயில் ஒரு பட்டைக் கல்லைப் படியாகப் போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் சுனைக்குப் போவது வெயில் ஏறிய பிறகுதான்.

அந்தக் கை இப்போது வெள்ளைத் துணிக்கு மேலே கிடந்தது. அதில்தான் அடித்துச் சொல்லியிருந்தாள். செத்தவரிடம் கொடுத்த சத்தியத்தை அவர் முன்னாலேயே எப்படி மீறுவது? மங்கம்மாள் வந்த வார்த்தையை விழுங்கினாள். ஐம்பத்தாறு வருஷத்தில் அவள் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"குடு," என்று ராஜவேலுவின் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடித்தாள். "நானே மொண்டாறேன்."

"பொண்டாட்டி கொண்டாரக் கூடாது அண்ணி. வழக்கமில்ல."

"வழக்கத்த நீ வுட்டுட்ட. நானும் வுடறேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வேண்டாம் என்று ஒரு குரல், பாவம் என்று இன்னொரு குரல். குடத்தை அவள் இழுக்க, அவன் விடாமல் பிடிக்க, செத்த வீட்டு வாசலில் இப்படியொரு கூத்தா என்று லட்சுமணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் ரஞ்சிதம் எழுந்து வந்தாள். வந்தவள் குடத்தை இருவர் கையிலிருந்தும் பிடுங்கிப் புருஷனின் காலடியில் வைத்தாள்.

"சொனையில போய் மொண்டா," என்றாள்.

"நீ உள்ள போ. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும்." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இப்பல்லாம் நம்ம வூட்ல பருப்பு நல்லா வேவுதுன்னு சொன்னியே. டேங்க் தண்ணியில எந்தப் பருப்பு வெந்துது? ஒரு வருசமா நீ குடிச்சது, தின்னது, நேத்துக் காலையில கரைச்சிக் குடுத்த கூழு, எல்லாம் அந்தச் சொனத் தண்ணிதான். நீ நல்லாத்தான் கீற. புள்ளைங்க நல்லாத்தான் கீதுங்க. அவுருக்கு நெஞ்சுவலி வந்தா அதுக்குத் தண்ணி இன்னா பண்ணும்?"

கிழவர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ராஜவேலு பெண்டாட்டியையே பார்த்தான். அவன் கையை ஓங்கிவிடுவானோ என்று மங்கம்மாள் ஒரு அடி நடுவில் வந்து நின்றாள்.

"திருட்டுத்தனமாவா?" என்றான் கடைசியில்.

"ஆமா. உனக்குப் பயந்துகினு." ரஞ்சிதம் கண்ணைத் துடைத்தாள். "மாமாவுக்குத் தெரியும். ஒரு நாள் பாத்துட்டாரு. நீ வந்து கேப்பன்னு தெனமும் செத்துச் செத்துப் பொழச்சேன். அவுரு சொல்லல. அக்காவும் சொல்லல. இப்பக்கூட வாய் வரைக்கும் வந்து சொல்லாம நிக்குது பாரு."

ராஜவேலு தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து குடத்தை எடுத்தான். மற்ற இரண்டு பேரும் எதுவும் கேட்காமல் பின்னால் போனார்கள்.

வாசலிலிருந்து பார்த்தால் சுனைக்கு இறங்கும் தடம் தெரியும். புளியமரத்தைத் தாண்டி மூன்று தலைகள் இறங்கின. முதல் தலை சுனையின் வாயில் நின்றது. அங்கே என்ன பார்க்கிறான் என்று மங்கம்மாளுக்குத் தெரியும். அவன் கடைசியாக அங்கே போனபோது அந்தக் கல் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதில் கால்வைத்து இறங்கினான்.

குடத்தை இறக்கி வைத்தபோது அவன் முகமும் நனைந்திருந்தது, மீசையில் தண்ணீர் சொட்டியது. மொண்டு குடித்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது.

"அந்தப் படி யாரு போட்டது அண்ணி?"

"உங்க அண்ணன்."

"எதுக்கு?"

"எதுக்கோ," என்றாள் மங்கம்மாள். ரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீர்த்தகிரியை வாசலில் பலகையில் உட்காரவைத்தார்கள். தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காயைத் தேய்த்தார்கள். ராஜவேலுதான் தேய்த்தான், காதுக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே என்று குழந்தைக்குத் தேய்ப்பது போல நிதானமாக. முதல் குடம், இரண்டாம் குடம், மூன்றாம் குடம். சுனைத் தண்ணீர் குளிர்ந்து வழிந்து வாசல் சரிவில் ஓடியது. மங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. மார்பு நிமிர்ந்துகொண்டு நின்றது. முந்தாநாள் சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் பாறையில் மகளோடு போன் பேசிவிட்டு மனுஷன் ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னது காதில் கேட்டது. "மங்கா, ஆபீசருங்க எல்லாம் நின்னு பாத்தாங்களாம். தட்டு நெறைய பெட்ரோல ஊத்திக் கொளுத்தி நம்ம நுரைய அடிச்சாங்களாம். அணைஞ்சுது அணைஞ்சதுதான், மறுபடி பத்தவே இல்லியாம். உன் சாம்பல் ஜெயிச்சிடுச்சு." மறுநாள் காலையும் அதையே சொல்லிக்கொண்டு சாமைக் கொல்லைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜீப்பில் மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துடைத்துப் புது வேட்டி கட்டினார்கள். மேளக்காரர்கள் எழுந்தார்கள். "தூக்கலாமா?" என்றார் லட்சுமணன்.

மங்கம்மாள் மகளைப் பார்த்தாள். அருணா வாசல் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஓடிப்போன பள்ளத்தில் சீயக்காய் நுரை ஒரு கைப்பிடி ஒதுங்கிக் கிடந்தது. அவள் கண் அதில் இருந்தது. ஒரு கை அப்பாவின் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மங்கம்மாள்.

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் இருந்தார்கள். பாடையைப் பிடித்த கைகள் பிடித்தபடியே நின்றன. மேளக்காரர் குச்சியைத் தாழ்த்தினார். குமிழ் ஒவ்வொன்றாக உடைந்து நுரை படுத்து, மண்ணில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

"எத்தினி நிமிசம்?"

"நாலும்மா," என்றாள் அருணா. "நாலு கூட இல்ல."

"அதுல சாம்பல் போடல," என்றாள் மங்கம்மாள். பிறகு லட்சுமணனைப் பார்த்துத் தலையசைத்தாள், தூக்கச் சொல்லி.